பாதி நாற்காலிகள் மாணவருக்கு

மாணவன் ஒருவன் தவறு செய்ததாகப் புகார் வந்தால் அதை விசாரிப்பது யார்? நம் காலத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. புகார் சொன்னவரே விசாரிப்பார், அவரே தீர்ப்புச் சொல்வார், பிரம்பையும் அவரே எடுப்பார். வீட்டில் போய்ச் சொன்னால் அங்கே இன்னும் இரண்டு விழும்.

பிரான்சுப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்று ஒரு மன்றம் இருக்கிறது. 'செக்சியோன் திசிப்ளினேர்' என்பது அதன் பெயர். தமிழில் ஒழுங்கு மன்றம் என்று சொல்லலாம். தேர்வில் காப்பி அடித்தது, போலிச் சான்றிதழ் கொடுத்தது, கல்லூரி வளாகத்தில் ரகளை செய்தது, சக மாணவரைத் துன்புறுத்தியது போன்ற புகார்கள் அங்கே வரும். அதில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள், பாதிப் பேர் மாணவர்கள். தலைவர் ஆசிரியர்தான். மாணவ உறுப்பினர்களோ, மாணவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய பிரதிநிதிகள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுத்தவர்கள். தீர்ப்பு ரகசிய வாக்கெடுப்பில்தான் முடிவாகும். முப்பது வருடம் பாடம் நடத்திய பேராசிரியருக்கும் ஒரு ஓட்டு, இருபது வயது மாணவிக்கும் ஒரு ஓட்டு.

'இது என்ன கூத்து, திருடனையே திருடனை விசாரிக்கச் சொல்வதா' என்று நம்மில் சிலருக்குத் தோன்றும். எனக்கும் அப்படிச் சொல்கிற நண்பர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சொல்தா குடும்பங்கள், பிரான்சில் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் தெருவுக்கு நாலைந்து இருக்கின்றன. பென்ஷன் கடிதம், எத்தா சிவில் காகிதம், கொன்சுலா கேட்கிற சான்று என்று ஏதாவது வந்தால், பிரெஞ்சில் படித்த கிழவர்கள் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று பார்த்துக் கொண்டு வருவார்கள். அந்தக் கணக்கில் என் வீட்டுக்கும் காகிதம் வரும். சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் கொண்டுவந்த காகிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. பெயர்கள் வேண்டாம். ஊர், பல்கலைக்கழகம் எதுவும் வேண்டாம். அவருடைய பேத்தி அங்கே லிசான்ஸ் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளை ஒழுங்கு மன்றத்துக்கு அழைத்து வந்த கடிதம் அது. பேத்தி மின்னஞ்சலில் அனுப்ப, இவர் கடையில் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார்.

"படிப்பு போச்சா சார்?" என்றார். உட்காரக்கூட இல்லை.

நடந்தது இவ்வளவுதான். தேர்வு நடக்கும்போது அந்தப் பெண் கைக்குட்டை எடுக்கக் கோட்டுப் பைக்குள் கையை விட்டிருக்கிறாள். கைப்பேசி நழுவிக் கீழே விழுந்திருக்கிறது. கண்காணிப்பாளர் வந்து அதை எடுத்துக்கொண்டு, ஒரு தாளில் நடந்ததை எழுதி, அவளிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார். பிறகு, "நீ எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நண்பருக்கு இதுதான் புரியவில்லை. "காப்பி அடிச்சான்னு நினைச்சா ஏன் சார் எழுத விட்டாங்க? வெளியே அனுப்பியிருக்கணுமே?"

அங்கே விதி அப்படி. ஆள்மாறாட்டமோ, மற்றவர்கள் எழுத முடியாதபடி கலாட்டாவோ நடந்தால்தான் வெளியே அனுப்பலாம். மற்றபடி முறைகேட்டைத் தடுக்க வேண்டும், பொருளைப் பறிமுதல் செய்ய வேண்டும், அறிக்கை எழுத வேண்டும். மாணவர் எழுதுவதை நிறுத்தக் கூடாது. தாளையும் மற்றத் தாள்களைப் போலத் திருத்தி மதிப்பெண் போட வேண்டும். மன்றம் முடிவு சொல்லும்வரை சான்றிதழ் மட்டும் கொடுக்க மாட்டார்கள். காரணம் எளிது. பிறகு நிரபராதி என்று தெரிந்தால், எழுதாமல் போன தேர்வை யார் திருப்பித் தருவது?

இதைப் படித்தபோது எனக்கு என் பள்ளி ஞாபகம் வந்தது. 1960களில், டிக்தே எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் வகுப்புத் தோழன் ஒருவனுடைய பெஞ்சுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தது. முசே அவன் காதைப் பிடித்து எழுப்பி, தாளைக் கிழித்து, பூஜ்யம் போட்டு, ஒரு வாரம் தாழ்வாரத்தில் நிற்க வைத்தார். அந்தக் காகிதத்தில் இருந்தது அவன் கையெழுத்து இல்லை. பக்கத்தில் இருந்த எங்கள் நாலைந்து பேருக்கும் அது தெரியும். அவனையும் கேட்கவில்லை, எங்களையும் கேட்கவில்லை. அடுத்த வருடம் அவன் வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

நண்பர் கொண்டுவந்த கடிதத்துக்கு வருகிறேன். நான் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். குற்றச்சாட்டு மெமோ, விளக்கம் கேட்கும் நோட்டீஸ், விசாரணை அதிகாரி அறிக்கை எல்லாம் என் கையால் தட்டச்சு ஆனவை. அதனால் ஒரு மெமோ ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கக் கண் தானாகத் தேடும். இந்தக் கடிதத்தில் எல்லாம் இருந்தது. எந்தத் தேதியில், எந்தத் தேர்வில், என்ன செய்ததாகச் சொல்கிறார்கள் என்று இருந்தது. விசாரணை நாள் இருந்தது. அதற்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்னதாகவே அழைப்பு வர வேண்டும் என்பது விதி. கோப்பை வந்து பார்க்கலாம் என்று இருந்தது. எழுத்திலும் விளக்கம் தரலாம், நேரிலும் சொல்லலாம் என்று இருந்தது. உதவிக்கு யாரை வேண்டுமானாலும் கூட்டி வரலாம், அவர் வக்கீலாகவும் இருக்கலாம், இன்னொரு மாணவராகவும் இருக்கலாம் என்று இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். வழக்கைத் தொடுத்தவர் பாடம் நடத்திய பேராசிரியர் இல்லை. பல்கலைக்கழகத் தலைவர். பேராசிரியருக்கு ஒரு மாணவர் மேல் சந்தேகம் என்றால் அவர் தலைவரிடம்தான் எழுத முடியும், தானே தண்டிக்க முடியாது. மன்றத்தில் இருப்பவர் யாராவது அந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டவர் என்றால் அவர் விலகிக்கொள்ள வேண்டும். மன்றத்தின் நடுநிலையே சந்தேகம் என்று காரணத்தோடு சொன்னால், வழக்கை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றச் சொல்லியும் கேட்கலாம்.

அன்று இரவு அந்தப் பெண் வாட்ஸப்பில் பேசினாள். அழுதுகொண்டே, "தாத்தா, அந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட்டுட்டேன். ஒத்துக்கிட்டேன்னு ஆயிடுமா?" என்றாள்.

"இல்லம்மா. எழுதினதைப் பார்த்தேன்னுதான் அர்த்தம். நாளைக்குப் போய்க் கோப்பைப் பாரு. உருக்கமா மன்னிப்புக் கடிதம் எதுவும் எழுதி வைக்காதே. முதல்ல அந்த அறிக்கையில என்ன இருக்குன்னு படி" என்றேன்.

மறுநாள் படித்துவிட்டுச் சொன்னாள். கண்காணிப்பாளர் நேர்மையான மனிதர். கைப்பேசி கோட்டுப் பையிலிருந்து விழுந்தது என்று எழுதியவர், அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது என்பதையும் ஒரு சொல்லில் எழுதியிருந்தார். 'எத்தேன்'. அவ்வளவுதான். அந்த ஒரு சொல் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய துணை என்பது கோப்பு பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும். கோப்பைப் பார்க்கும் உரிமை இல்லாவிட்டால் அந்தச் சொல் அங்கே இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது.

விசாரணைக்கு மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஒரு பையன் அவளோடு துணைக்குப் போனான். மன்றத்தில் ஆசிரியர்கள் மரியாதையாக, சாதாரணமாகக் கேட்டார்களாம். கடுமையாகக் கேட்டது ஒரு மாணவிதான். "தொடங்கும் முன் கைப்பேசியைப் பையில் வைக்கச் சொல்லி அறிவித்தார்கள். மற்ற எல்லாரும் வைத்தார்கள். உனக்கு மட்டும் ஏன் முடியவில்லை?" இவள் உண்மையைச் சொன்னாள். பேருந்து தாமதம், கடைசி நிமிடத்தில் உள்ளே நுழைந்தேன், அணைத்துவிட்டோமே என்று கோட்டுப் பையிலேயே விட்டுவிட்டேன் என்றாள். அப்போது இன்னொரு மாணவ உறுப்பினர் ஆசிரியர்களைப் பார்த்து ஒரு விஷயம் சொன்னார். அந்தக் கூடத்தில் பைகளைப் பின்வரிசையில் வைக்க வேண்டும், தாமதமாக வருகிறவர்களைப் பின்னால் போக விடாமல் நேரே இடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள் என்றார். ஆசிரியர்களுக்கு அது தெரியாது. அந்தக் கூடத்தில் தேர்வு எழுதியவர்களுக்குத்தான் தெரியும்.

முடிவு எழுத்தில் வந்தது. எச்சரிக்கை. அதுதான் இருப்பதிலேயே சிறிய தண்டனை. ஆனால் எந்தத் தண்டனை விழுந்தாலும் அந்தத் தேர்வுத் தாள் செல்லாது. அதனால் அந்தப் பாடத்தை இரண்டாவது தேர்வில் மறுபடி எழுதித் தேறினாள்.

நண்பருக்குத் திருப்தி இல்லை. "போன் அணைஞ்சுதானே இருந்துச்சு, அப்புறம் எதுக்கு எச்சரிக்கை?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். பேத்தி அவரிடம் சொன்ன பதில் வேறு. "கேட்டாங்க தாத்தா. நான் சொன்னது எல்லாம் அதுல எழுதியிருக்கு."

அந்த உத்தரவை நானும் படித்தேன். ஒன்றரைப் பக்கம். கைப்பேசி அணைந்திருந்தது, அதைப் பார்த்து எழுதியதற்கு எந்தத் தடயமும் இல்லை, தாமதத்துக்கு அவள் சொன்ன காரணம் இது, ஆனாலும் அறிவிப்புக்குப் பிறகு அதைத் தன்னிடம் வைத்திருந்தது விதிக்கு மாறானது, ஆகவே இந்த முடிவு என்று வரிசையாக இருந்தது. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒருவர் நான்கு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுப்பார். உத்தரவு ஒரே வரியில் வரும்: 'விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை.' ஏன் இல்லை? அந்த நான்கு பக்கத்தை யாராவது படித்தார்களா? அந்த ஒரு வரியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. தண்டனையைவிட அந்த ஒரு வரிதான் பல பேரை உள்ளுக்குள் அரித்தது என்பதைப் பக்கத்து மேஜையில் இருந்து பார்த்தவன் நான்.

எச்சரிக்கைக்கு மேல் என்னென்ன தண்டனை உண்டு என்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்தது கண்டனம். அதற்கடுத்து, 2020இல் புதிதாகச் சேர்த்த ஒன்று: வகுப்பு நேரத்துக்கு வெளியே, 40 மணி நேரத்துக்கு மிகாமல் ஏதாவது சமூகப் பணியோ பயிற்சியோ செய்ய வேண்டும். பிறகு ஐந்து ஆண்டு வரை பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கம். கடைசியாக நிரந்தர நீக்கம். சிறிய தண்டனைகள் மூன்று ஆண்டு கழித்துக் கோப்பிலிருந்து அழிக்கப்படும். முடிவு தவறு என்று நினைத்தால் முன்பெல்லாம் பாரீசில் இருக்கும் தேசிய உயர்கல்வி அவைக்கு மேல்முறையீடு போகும். 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நிர்வாக நீதிமன்றத்துக்கே போகலாம். அதற்கு இரண்டு மாத அவகாசம்.

மாணவர் மாணவருக்குச் சலுகை காட்டுவார் என்ற பயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணைக் கடுமையாகக் கேட்டது மாணவி என்று பார்த்தோம். இதற்கு இன்னும் பெரிய சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. தாமஸ் ஜெஃபர்சன் 1819இல் நிறுவிய வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், பொய், காப்பி, திருட்டு ஆகிய மூன்றையும் விசாரிப்பது முழுக்க மாணவர்களே. ஆசிரியருக்கு அங்கே நாற்காலியே கிடையாது. 1840இல் அங்கே ஒரு பேராசிரியரை மாணவன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அந்தக் கலக்கத்துக்குப் பிறகு 1842இல் 'தேர்வில் யாரிடமும் உதவி பெறவில்லை' என்று மாணவர் உறுதி எழுதித் தரும் முறை வந்தது. அதிலிருந்து வளர்ந்தது அந்த மாணவர் மன்றம்.

அந்த மாணவர்கள் இரக்கம் காட்டினார்களா? அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரே ஒரு தண்டனைதான் இருந்தது: நிரந்தர நீக்கம். திருடியவனுக்கும் அதுதான், ஒரு பத்தியைக் காப்பி அடித்தவனுக்கும் அதுதான். மாணவர்களே ஓட்டுப் போட்டு அதை மாற்றியது 2022இல்தான். அடுத்த ஆண்டு, குற்றத்துக்குத் தக்கபடி பலவிதத் தண்டனை என்று ஆக்கினார்கள். ஆக, மாணவர்களிடம் விட்டால் மென்மையாகிவிடும் என்பது சரியில்லை. நேர்மையாகப் படித்து எழுதுகிறவனுக்குத்தான் காப்பி அடிப்பவன் மேல் முதல் கோபம் வரும்.

அதனால் முழுக்க மாணவர் என்பதைவிடப் பாதிப் பாதி என்ற பிரெஞ்சு ஏற்பாடுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆசிரியருக்கு நிதானம் இருக்கும். மாணவருக்கு அந்தக் கூடம் தெரியும், அந்தப் பேருந்து தெரியும், பை எங்கே வைப்பார்கள் என்பது தெரியும். இரண்டும் வேண்டும்.

இந்த நாற்காலிகள் சும்மாவும் வந்துவிடவில்லை. 1968 மே மாதம் பாரீசில் மாணவர்கள் தெருவுக்கு வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் செய்திகள் இங்கே பழைய பத்திரிகைகளாக வந்து சேரும், நாங்கள் முறை போட்டுப் படிப்போம். அதே ஆண்டு நவம்பரில் கல்வி அமைச்சர் எட்கார் ஃபோர் கொண்டுவந்த சட்டம், பல்கலைக்கழக அவைகளில் மாணவர் பிரதிநிதிகளுக்கு இடம் கொடுத்தது.

நம் நாட்டில் நிலைமை என்ன? கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்பதை நம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் 1954இல் இண்டர்மீடியட் தேர்வு எழுதிய மூன்று மாணவர்களின் முடிவைத் தேர்வு வாரியம் ரத்து செய்தது. காப்பி என்று குற்றச்சாட்டு. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1962இல் தீர்ப்பானது. இப்படி ஒரு முடிவு ஒருவனுடைய எதிர்காலத்தையே பாதிக்கும், ஆகவே வாரியம் நீதிமன்றத்தைப் போல நடந்துகொள்ள வேண்டும், அந்த மாணவர்களுக்குத் தங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். நம் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அதே 1962. ஆனால் அந்தத் தீர்ப்பு வரும்போது அவர்கள் தேர்வு எழுதி எட்டு வருடம் ஆகிவிட்டது. எட்டு வருடத்தில் ஒரு பையன் குடும்பஸ்தனே ஆகிவிடுவான்.

2023இல் பல்கலைக்கழக மானியக் குழு மாணவர் குறைதீர்ப்புக்குப் புது விதிமுறை கொண்டுவந்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அது பதினைந்து வேலை நாளில் அறிக்கை தர வேண்டும், திருப்தி இல்லையென்றால் மேலே போக ஒரு குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும் என்கிறது அது. நல்ல ஏற்பாடு. சேர்க்கை, கட்டணம், சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்வது போன்ற குறைகளுக்கு அங்கே போகலாம். ஆனால் அந்தக் குழுவில் மாணவருக்கு எத்தனை நாற்காலி? ஒன்று. அதுவும் உறுப்பினர் நாற்காலி இல்லை, 'சிறப்பு அழைப்பாளர்' நாற்காலி. கல்யாண வீட்டில் அழைப்பாளருக்குச் சாப்பாடு உண்டு, சம்பந்தம் பேசுகிற இடத்தில் குரல் கிடையாது. குமாஸ்தாவாக இருந்து கூட்டக் குறிப்புகள் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அழைப்பாளர் பேசியது கூட்டக் குறிப்பில் ஏறுவது அபூர்வம். அந்த ஒரு நாற்காலியை நாலாக்க வேண்டும் என்பது என் கட்சி.

நம் பேரப்பிள்ளைகள் இன்று எங்கெங்கோ படிக்கிறார்கள். காரைக்காலில், சென்னையில், லியோனில், மோன்பெல்லியேயில். இப்படி ஒரு கடிதம் எந்த வீட்டுக்கும் வரலாம். வந்தால் பிள்ளையைத் திட்டுவதையும், தெரிந்த பெரிய மனிதர் யார் என்று தேடுவதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கடிதத்தை எடுத்து நாலு விஷயம் பாருங்கள். என்ன குற்றம் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா? பதில் சொல்ல நாள் கொடுத்திருக்கிறார்களா? கோப்பைப் பார்க்க விடுகிறார்களா? துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாமா? இதில் ஒன்று குறைந்தாலும், அதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். மரியாதையாக, சுருக்கமாக, தேதி போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிரெஞ்சில் எழுத வேண்டுமென்றால் என் வீட்டுக்கு வாருங்கள். மதியம் இரண்டு முதல் நான்கு வரை மட்டும் தூங்குவேன்.